ஆட்டம் இல்லாத நாலு நாட்கள்

காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தால் பதில் கிடைக்காது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு போன்களும் அணைக்கப்பட்டு, குசினியில் பாண் வைக்கும் தகரப் பெட்டிக்குள் கிடக்கும்.

காரணம் எளியது. பேஸ்போல் ஆட்டங்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் மாலையில் நடக்கின்றன. அப்போது இங்கே நாங்கள் நித்திரை. விடிந்ததும் தேநீரோடு உட்கார்ந்து பதிவை முதலிலிருந்து பார்ப்போம். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருப்பதில் பொருள் இல்லை. போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஸ்கோர்தான். ஒருமுறை கீழ்வீட்டு றமணன் படிக்கட்டில் எங்களைக் கண்டு, "என்னண்ணை, ராத்திரி உங்கட ஆக்களுக்கு நல்ல அடி போல கிடக்கு?" என்று கேட்டுவிட்டான். என்னோடு குடியிருந்த புவனேந்திரன் அண்ணை அவனோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை.

என் பெயர் ஞானரட்ணம். வயது அறுபத்தேழு. தமிழிலேயே எழுதித் தரலாம் என்று அதிகாரி சொன்னார். அவர் ஒரு பெண். நல்ல பொறுமையாகக் கேட்டார். இதை இங்கிலீசுக்கு மாற்றப்போகும் பிள்ளைக்குப் பேஸ்போல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்பது இன்னிங்ஸ் முடியவேண்டும், அதற்கு இத்தனை மணி என்று கணக்கு இல்லை. இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

நானும் அண்ணையும் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் வேலை செய்தோம். இரவு ஷிப்டில் கன்டீன் தொலைக்காட்சியில் பேஸ்போல் போகும். ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அவர் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். மூன்று கிழமைக்குப் பிறகுதான் அவர் என் பெயரைக் கேட்டார். அவருடைய மகள் கம்சிகா கலியாணம் செய்து டொரோண்டோ போனதும் டொரோண்டோ எங்கள் அணி ஆனது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவருடைய மனைவி இறந்தபோது, என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பெட்டிகளோடு வந்தார். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு ஆட்டத்தில் நாங்கள் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டோம். பந்தெறிபவர் களைத்துவிட்டார் என்றால் அண்ணை தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான். ஒருவரோடு அப்படிப் பேசாமல் இருக்கக் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல.

நாலு வருஷமாக அவருக்கு இருதயம் பலவீனம். கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கு டொக்டர் தண்ணிக் குளிசை என்று ஒரு மாத்திரை கொடுத்திருந்தார், உடம்பில் தேங்கும் தண்ணீரை அது சிறுநீராக வெளியே எடுக்கும். குளிசையைப் போட்டால் அரைமணிக்கு ஒருக்கால் எழும்பவேண்டும். ஒவ்வொரு முறையும் நான் ஆட்டத்தை நிறுத்திவைப்பேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, "ம்" என்பார். நான் ஓடவிடுவேன். ஏழு நாள் குளிசைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் நிரப்புவேன். ஒருவரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அவருக்குச் சின்ன எழுத்துகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, குளிசைகளும் சிறியவை.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தண்ணிக் குளிசையை உண்மையாகவே மறந்துபோனேன். ஐந்து நாளில் அவருடைய கால் பூசணிக்காய் போல் ஆனது. அந்தக் குளிசை அவ்வளவு முக்கியம் என்று டொக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது.

கம்சிகா தகப்பனைத் தன்னோடு வைத்திருக்க விரும்பினாள். நல்ல பிள்ளை. முதலில் மார்ச் மாதத்துக்கு டிக்கெட் போட்டாள். பேஸ்போல் பருவம் தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அண்ணை சொல்லியிருந்தார். போவதற்கு இரண்டு நாள் முன் அவருக்கு மூச்சு ஏலாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போதைக்கு விமானத்தில் ஏறக்கூடாது என்றார்கள். டிக்கெட் வீணானது. அவர் வீட்டுக்கு வந்தார், பருவம் தொடங்கியது, நாங்கள் பார்த்தோம். அந்த ஏப்ரல் நல்ல ஏப்ரல்.

ஜூனில் ஒரு ஞாயிறு கம்சிகா வீடியோவில் வந்தாள்.

"அப்பா, இந்தமுறை நானே வந்து கூட்டிக்கொண்டு போறன். எப்ப வரட்டும்?"

"பிரேக்குக்கை வா பிள்ளை. ஜூலையிலை நாலு நாள் மட்ச் இல்லை."

"மற்ற ஆக்கள் பயணத்துக்கு நல்ல நாள் பாப்பினம். நீங்கள் மட்ச் இல்லாத நாள் பாக்கிறியள்."

"எனக்கு அதுதான் நல்ல நாள்."

"ஞானம் மாமா, இவருக்கு நீங்கள்தான் செல்லம் குடுத்துக் கெடுத்து வைச்சிருக்கிறியள்."

நான் சிரித்தேன். பிரேக் நேரம் வருவது நல்ல யோசனை என்று சொன்னேன்.

பிரேக் என்பது பருவத்தின் நடுவில் வரும் இடைவேளை. ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள். இரண்டாம் நாள் மட்டும் எல்லா அணிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த ஆட்டக்காரர்கள் ஒரு ஓல் ஸ்டார் ஆட்டம் ஆடுவார்கள். அதில் வென்றாலும் தோற்றாலும் அட்டவணையில் ஒன்றும் மாறாது. கம்சிகா புதன் காலை வந்து இறங்குவாள், வியாழன் மாலை இருவரும் புறப்படுவார்கள் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் மறுபடி தொடங்கும்.

அடுத்த கிழமை அண்ணை சொன்னார்: "வெள்ளிக்கிழமை மட்சுக்கு டிக்கெட் எடுத்திட்டாளாம், ஞானம். நேரை மைதானத்திலை. இனி ஸ்கோருக்குப் பயந்து போனை ஒளிக்கத் தேவையில்லை."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார். நான் அந்தச் சொற்களைப் பல நாள் யோசித்தேன். ஒவ்வொரு காலையும் அந்தத் தகரப் பெட்டியை மூடும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து ஏதோ ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு அது ஒரு தொந்தரவாக இருந்திருக்கிறது.

டொரோண்டோவில் அவர் எப்படி இருப்பார் என்றும் யோசித்தேன். கம்சிகாவும் புருஷனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பனிக்காலத்தில் நிலக்கீழ் அறையில் தனியே உட்கார்ந்திருப்பார். குளிசைப் பெட்டியை யார் நிரப்புவார்கள்? இதையெல்லாம் யோசித்தபின்தான் செய்தேன்.

நான் போடும் விற்றமின் குளிசையும் அதே வெள்ளை, அதே அளவு. பிரேக் தொடங்க எட்டு நாள் முந்திய ஞாயிறு பெட்டியை நிரப்பும்போது ஏழு அறைகளிலும் தண்ணிக் குளிசைக்குப் பதிலாக அதைப் போட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மற்றக் குளிசைகளில் கை வைக்கவில்லை. தண்ணிக் குளிசைகளையும் எறியவில்லை. என் விற்றமின் போத்தலுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

மார்ச்சிலும் அதைத்தான் செய்தேன். மார்ச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எழுதுவதென்றால் முழுதாக எழுதவேண்டும். மார்ச்சில் எட்டு நாள் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சரியான குளிசைகளைக் கொடுத்தேன், இரண்டு கிழமையில் கால் வற்றியது. அதனால் இது திருத்தக்கூடிய விஷயம் என்று எனக்கு அனுபவம் இருந்தது. இருதயம் முன்பைவிட மோசம், இன்னொருமுறை இப்படி வந்தால் தாங்குவது கஷ்டம் என்று டொக்டர் அப்போது சொன்னார். என் முன்னால்தான் சொன்னார்.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். குளிசை இல்லாத அந்த முதல் நாட்களில் அவர் ஒருமுறைகூட எழும்பாமல் ஆட்டம் முழுவதையும் பார்த்தார். "பாத்தியே, இந்தக் கிழமை ஒருக்காலும் நிப்பாட்டேல்லை," என்று என் முழங்காலில் தட்டினார். உடம்பு தேறிவருகிறது என்று நினைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கனகாலம் பார்க்கவில்லை.

ஞாயிறு ஆட்டம் பகலில் நடந்ததால் அதை அன்றிரவே பார்த்துவிட்டோம். பிரேக் தொடங்கிய திங்கட்கிழமை ஆட்டம் இல்லாததால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சரியான வெயில். ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். இறங்கும் விமானங்களின் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவர் கட்டிலில் இருந்தபடி உடுப்புகளை மடித்தார், நான் பெட்டியில் அடுக்கினேன். சப்பாத்து அவருக்குக் காலில் ஏறவில்லை. செருப்போடு போகலாம் என்றார்.

திடீரென்று கேட்டார்: "நான் போனாப் பிறகு நீ என்ன செய்வாய், ஞானம்?"

"எனக்கென்ன. மட்ச் இருக்குத்தானே."

"தனியப் பாப்பியோ?"

"பாக்காமல்?"

அவர் மடிப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு விமானங்கள் போயிருக்கும். பிறகு மிச்சச் சட்டைகளை எடுத்து மடித்தார்.

செவ்வாய் இரவு படுக்க ஏலாமல் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். புதன் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்பது என் திட்டம். கம்சிகா வரும்போது அவர் அங்கே வசதியாக இருப்பார். விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டரே அவளுக்குச் சொல்வார். நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்காது.

ஆனால் எட்டு மணிக்கு அவர், "ஓல் ஸ்டார் பாப்பம்," என்றார். போன்களை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆறாவது இன்னிங்ஸில் அவருடைய உதடு நீலமாகியிருந்தது. தண்ணீருக்குள் இருந்து மூச்சு எடுப்பதுபோல் ஒரு சத்தம்.

"அண்ணை, போனை எடுக்கட்டோ? அம்புலன்சைக் கூப்பிடுவம்."

"வேண்டாம். திறந்தா ஸ்கோர் வந்திடும்."

"ஏலாமக் கிடக்குதே உங்களுக்கு?"

"ஏலும். மூண்டு இன்னிங்ஸ்தானே. முடியட்டும்." கொஞ்சம் சிரிக்கவும் பார்த்தார். "உன்னோடை பாக்கிற கடைசி மட்ச். பாதியிலை விடுறதோ?"

அவர் சொன்னபடி செய்தேன். எட்டாவது இன்னிங்ஸில் அவருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நித்திரை என்று நினைத்ததாகக் கம்சிகாவுக்குச் சொன்னேன். அப்படி நினைக்கவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தேன், பிறகு அதை அவருடைய மடியில் வைத்தேன். ஆட்டம் முடிய இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. அது முடியட்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். முடிந்தபின் குசினிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து போன்களைப் போட்டேன். அவருடைய போனில் கம்சிகாவின் செய்தி வந்து கிடந்தது: "லேண்ட் பண்ணிட்டன் அப்பா. ஆர் வெண்டது எண்டு எனக்குத் தெரியும், ஆனா சொல்லமாட்டன்."

அதற்குப் பிறகுதான் அம்புலன்சைக் கூப்பிட்டேன்.

ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. இருதயம் என்று எழுதினார்கள். கம்சிகா என் தோளில் சாய்ந்து அழுதாள். "மாமா, நீங்கள் பாத்தபடியாத்தான் அப்பா இவ்வளவு நாள் இருந்தவர். உங்களுக்கு நான் என்ன செய்யப்போறன்?" என்றாள். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சீனி எவ்வளவு என்று கேட்டபோது என் குரல் சாதாரணமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் தொடங்கின. சனி காலை கம்சிகா படுத்திருந்தாள். நான் போன்களைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆட்டத்தைப் போட்டேன். இரண்டாவது இன்னிங்ஸில் என் கை தானாக ஆட்டத்தை நிறுத்தியது. பந்தெறிபவர் கையை உயர்த்தியபடி அப்படியே திரையில் நின்றார். நான் காத்திருந்தேன். கம்சிகா எழும்பி வந்து, "ஏன் மாமா நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டபோது மணி பத்தரை. அவளிடம் கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே பொலிஸ் ஸ்டேசனுக்கு வந்தேன்.

அவரைக் கொல்ல நான் நினைக்கவில்லை. ஆனால் கொன்றது நான்தான். மார்ச்சில் தொடங்கி ஜூலையில் முடித்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அதிகாரி கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று அவரிடம் ஒருமுறையாவது சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பார். திங்கட்கிழமை அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது எனக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்து உடுப்புகளை அலுமாரியில் திரும்ப அடுக்கியிருப்பார். ஆனால் பிள்ளையிடம் போக ஆசைப்படும் ஒரு மனிதரை என் ஒருவனுக்காக மறிப்பது சரியல்ல. என்னால் ஒருவருக்கும் ஒரு தொல்லையும் வரக்கூடாது என்று இருப்பவன் நான்.