அறுபத்திரண்டில் ஒன்று

அத்தான், அக்காவுக்குச் சீட்டுக் கலைக்கவே தெரியாது. சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரிப்பாள், கீழ்ப்பாதியை மேலே வைப்பாள், மேசையில் தட்டிச் சமப்படுத்துவாள், கலைத்தாயிற்று என்பாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிக்கு அந்தக் கலைப்புதான் காரணம் என்று இன்னமும் நினைக்கிறேன்.

நீங்கள் கப்பலிலிருந்து வந்த மறுநாள், சாப்பாட்டு மேசையில் இருந்த கட்டை எடுத்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி எண்ணியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஆட்டத்தைக் குறித்துவைக்கும் என் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அன்னைக்குத் தோல்வின்னு எழுதியிருக்கியே, எப்படி?" என்று கேட்டீர்கள். நான் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டேன். எனக்குப் பேசத்தான் வராது. எழுதினால் ஒழுங்காக வரும்.

ஆட்டம் உங்களுக்கும் தெரியும். ஏஸ், இரண்டு, மூன்று என்று ராஜா வரைக்கும் பதின்மூன்று பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு சீட்டைத் திருப்ப வேண்டும். நான்கு சுற்றில் கட்டு முடிந்துவிடும். சொன்ன பெயரும் வந்த சீட்டும் ஒன்றாகிவிட்டால் தோல்வி. ஐம்பத்திரண்டும் ஒன்றுகூடப் பொருந்தாமல் போனால் வெற்றி. அக்கா திருப்புவாள், நான் பெயர் சொல்லுவேன். காலையில் சாப்பிட்டுவிட்டு நான் கிளம்பும் முன் ஒரே ஓர் ஆட்டம்.

இதய வால்வை மூன்று மாதத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் கூடத்தான் இருந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றார். வீட்டுக்குத் திரும்பி அக்கா படியேறும்போது நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த ஆறு பேர்ல நான் ஒருத்தியா இருந்துட்டா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிகழ்தகவு தெரியாதவர்கள் எல்லாரும் இப்படித்தான், தங்களை அந்த ஆறில் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள்.

அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கச் சொல்லி நீங்கள் தொலைபேசியில் கெஞ்சினீர்கள், அதட்டினீர்கள், அழுதுகூடப் பார்த்தீர்கள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "மயக்க மருந்து குடுத்துட்டா அப்புறம் எதுவும் என் கையில இல்ல. போறதா வேண்டாமாங்கறதாவது என் கையில இருக்கட்டும். இந்த ஆட்டம் என்னிக்கு ஒரு தடவை ஜெயிக்குதோ, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

மறுநாள் நீங்கள் போனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், கட்டை நீயே அடுக்கி வெச்சு அவளை ஜெயிக்க விட்டுடுடா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றீர்கள். முடியாது என்றேன். அது ஏமாற்று வேலை. அக்காவை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாகக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு சீட்டும் பொருந்தாமல் போக பதின்மூன்றில் பன்னிரண்டு வாய்ப்பு. அதை ஐம்பத்திரண்டு முறை பெருக்கினால் அறுபத்து நான்கில் ஒன்று வருகிறது. அக்காவிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். அன்று மாலையே உறைத்தது, தப்பு. ஒரு சீட்டு போய்விட்டால் மிச்சக் கட்டு மாறிவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பெருக்க முடியாது. சரியாகப் போட வேண்டுமென்றால் பொருந்தும் வகைகளை எல்லாம் கூட்டிக் கழித்துக் கொண்டே போக வேண்டும். பதினொரு நாள் என் உயிரை வாங்கிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க அடித்தல் திருத்தல். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன். கடைசியில் விடை வந்தது: அறுபத்திரண்டில் ஒன்று, ஒரு துளி கூடுதல். தொண்ணூறு நாள் ஆடினால் ஒரு தடவையாவது ஜெயிக்க நூற்றுக்கு எழுபத்தேழு வாய்ப்பு. அதை வெட்டி ஒட்ட இடமில்லை. அவ்வளவு சுத்தமான கணக்கு.

ஆனால் அந்தப் பதினொரு நாளுக்குள், ஆறாவது நாளிலேயே அக்கா ஜெயித்துவிட்டாள்.

என் வேலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல்பு தொழிற்சாலையின் சோதனை அறையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இருபது பல்புகளை எடுத்துப் பலகையில் மாட்டி, அணையும் வரை எரியவிட்டு எத்தனை மணி நேரம் என்று குறிப்போம். ஒரு பல்பு கணக்குக்கு மீறி முன்னாலேயே அணைந்தாலோ, அணையவே மாட்டேன் என்று அடம்பிடித்தாலோ, அந்த அளவை உடனே பதிவேட்டில் ஏற்ற மாட்டோம். ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு இன்னொரு பல்பை மாட்டுவோம். மூன்று முறை அப்படியே வந்தால்தான் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வது. கை தானாகச் செய்யும் வேலை இது.

அன்றும் கைதான் முந்திக்கொண்டது. கடைசிச் சீட்டைத் திருப்பிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். நான் கட்டைச் சேர்த்துக் கலைத்துவிட்டிருந்தேன். "நடுவுல எட்டுன்னு சொல்லும்போது எட்டு வந்துதுக்கா" என்றேன்.

"அப்படியா? நான் பார்க்கலையே."

"நான் பார்த்தேன்."

"சரி, தப்பிச்சேன்" என்று சிரித்தாள். அவளுக்கு அன்று நிம்மதி. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். நோட்டில் தோல்வி என்று எழுதி ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டேன். நான் எதையும் மறைக்கவில்லை அத்தான், கோடு அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது முறை இருபத்து மூன்றாம் நாள். அன்று அவள் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை நான் ரொம்ப கவனமாப் பார்த்துக்கிட்டே வந்தேனேடா" என்றாள். அதற்குள் மாடிப்படி ஏறுவதை விட்டிருந்தாள், செருப்பு வாரைக் குனிந்து மாட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு பையில் துணிகளை மடித்து வைத்துக் கதவருகே வைத்திருந்ததை நானே பார்த்தேன். "வேணும்னா இன்னொரு தரம் எண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கலைத்தாயிற்று என்றேன். அறுபத்திரண்டில் ஒன்று வர வேண்டியது இருபத்து மூன்றுக்குள் இரண்டு வந்தால், எந்தச் சோதனைக்காரனும் முதலில் சோதனையைத்தான் சந்தேகப்படுவான்.

மூன்றாவது நாற்பத்தோராம் நாள். கை தட்டினாள். உங்களுக்குப் போன் போட எழுந்தாள். உங்களைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பதினொரு நாள் பட்ட பாட்டை இந்தப் பிரிக்கத் தெரியாத, கலைக்கத் தெரியாத கை மூன்று தடவை பொய்யாக்கியிருந்தது. "உட்காருக்கா, மூணாவது சுற்றுல ராணி பொருந்திடுச்சு" என்றேன். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேசை விரிப்பையே தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குக் கண்ணும் போயிடுச்சு போல" என்றாள்.

தொழிற்சாலை விதிப்படி மூன்றாவதை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கட்டு சரியாகக் கலையாதபோது விதி எப்படிச் செல்லும்? அன்று மாலையே புதுக்கட்டு ஒன்று வாங்கிவந்தேன். இனி நானே கலைப்பேன் என்றேன். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, முதல் நாள் என்று எழுதினேன். தொண்ணூறை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். டாக்டரின் தொண்ணூறு பழைய பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது என்பது தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

புதுக்கட்டின் இருபத்தாறாம் நாள் நான்காவது வந்தது. கலைத்தவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஒவ்வொன்றையும் என் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பதைத் தாண்டியதும் அவள் உதடும் என்னோடு பெயர் சொல்ல ஆரம்பித்தது. கடைசிச் சீட்டு ஓர் ஐந்து. நான் ராஜா என்று சொல்லியிருந்தேன்.

"இதுவும் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"எங்க பொருந்துச்சு?"

"ஒன்பதுல."

அவள் மறுத்துப் பேசவில்லை. சின்ன வயதிலிருந்தே எண்கள் விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு அதுதான். தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். தட்டு விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு நின்றபின் அவர்கள் வரும்வரை செய்ய ஒன்றும் இல்லாததால், எழுந்து போய் நோட்டில் எழுதினேன். கட்டைக் கலைக்க மட்டும் அன்று கை வரவில்லை. அது அப்படியே மேசையில் கிடந்தது, நீங்கள் வந்து எண்ணும் வரை.

எனக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் மடித்து வைத்த பை இன்னும் கதவருகேதான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான்: அக்கா நான்கு தடவை ஜெயித்தாள். நான்கு தடவையும் தோற்றாள் என்று சொன்னவன் நான்.

ஆனாலும் கணக்கில் தப்பில்லை அத்தான், யாரிடம் வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள். நூற்றுக்கு எழுபத்தேழு பேருக்குத்தான் அந்த வெற்றி கிடைக்கும். அக்கா மிச்சம் இருபத்து மூன்றில் விழுந்துவிட்டாள்.