வடசரிவில் புரோம் புல்

மே 9. ஏப்ரல் 30-ஆம் தேதிக் குறிப்பில் காற்று தென்மேற்கு என்று எழுதிவிட்டேன். தெற்கு என்றிருக்க வேண்டும். தவறு தெரிந்தால் அதை முதல் வரியில் எழுதிவிட்டே அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்பார் மாலை வகுப்பில் தாவரவியல் நடத்துபவர். என் கண்ணை நான் முழுதாக நம்புவதில்லை. ஆகவே அன்று நடந்த மற்றதையும் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் புல்வெளி ஒருபோதும் உழப்படாதது. நெப்ராஸ்காவின் இந்த மூலையில் அப்படி மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். வேலிக்கு வடக்கே ஆர்லன் வோண்ட்ராவின் நிலம். அவருடைய அப்பா மாடுகளுக்காக விதைத்த புரோம் புல் அங்கே அடர்ந்து கிடக்கிறது. அது கடல் கடந்து வந்த புல். மண்ணுக்கடியிலேயே வேலியைத் தாண்டுகிறது. எங்கள் நீலத்தண்டுப் புல் கண் விழிப்பதற்குள் ஈரத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது. வடசரிவில் பாதி போய்விட்டது. அங்கே வெள்ளை ஆர்க்கிட் பூக்கும் இடங்களை மறக்காமலிருக்க நான் மரக்குச்சிகள் நட்டிருந்தேன்.

மார்ச்சில் அம்மா அந்த வெளியை ஆர்லனுக்குக் குத்தகைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். வேலியோரத்தில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆமா, எரிச்சு முடிச்சதும் புரோம் விதை போடப் போறேன். மாடு என்ன பூவையா திங்கும், மார்னி?"

"அதுக்கப்புறம் அங்க வேற எதுவும் முளைக்காது."

"ராத்திரிக் காலேஜ்ல பட்டம் வாங்கிட்டு வந்து திட்டு. அதுவரைக்கும் மாடு பட்டினி கிடக்காது" என்று சிரித்தார்.

கெட்டவர் இல்லை. பனிக்காலத்தில் எங்கள் வீட்டுப் பாதையில் விழும் பனியை அவர்தான் டிராக்டரால் தள்ளிக் கொடுப்பார்.

புரோமுக்குத் தீதான் மருந்து, அதுவும் நாள் பார்த்து வைக்க வேண்டும். முந்தினால் அது மறுபடி தழைக்கும். பிந்தினால் நம் புல் கருகும். இங்கே யார் நிலத்தை எரித்தாலும் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். கூலி கிடையாது. முடிந்ததும் பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பும் இலவங்கப்பட்டை பன்னும் உண்டு.

முதலில் வடக்கு எல்லையில் மெல்ல எரித்து, பெரிய தீ தாண்டாதபடி கறுப்புப் பட்டை போடுவோம். எல்லாரும் வெளியே வந்த பிறகே தெற்கிலிருந்து பெரிய தீயை விடுவோம். அது காற்றோடு ஓடும். நடுவில் மேடு இருப்பதால் ஒரு பக்கத்து வாக்கிடாக்கி மறுபக்கம் கேட்காது. மேட்டின் கோடியில், புல் வெட்டிய பாதையில் ஒருவர் நின்று சேதியை மாற்றிச் சொல்ல வேண்டும். அன்று நான் நின்றேன்.

வடக்கே வாக்கிடாக்கி ஆர்லனிடம் மட்டும் இருந்தது. மற்றவர்கள் தண்ணீர் லாரியின் இரைச்சலில் இருந்தார்கள்.

"ஏய் ராத்திரிக் காலேஜ், உன் குச்சிங்க உள்ளேயே நிக்குதே. எரிஞ்சா அப்புறம் என்னைத்தான் திட்டுவ. பிடுங்கிட்டு வந்துடறேன். லீலண்டைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"சரி" என்றேன்.

வடசரிவில் அவருடைய மஞ்சள் சட்டை குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. தீக்குப் பொறுப்பான லீலண்ட் தெற்கிலிருந்து கேட்டார்: "மார்னி, வடக்க எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"எல்லாரும் வெளியே" என்றேன்.

மழை மறுநாள்தான் வருவதாக இருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தாலும் தீ வைத்திருக்கலாம். இதையும் எழுதாவிட்டால் குறிப்பு முழுமையாகாது.

"மார்னி, புகை வருதே. யார் பத்த வச்சது? மார்னி?"

வாக்கிடாக்கியின் ஒலியைக் குறைத்தேன். தீ மேட்டைத் தாண்டும்போது மிக வேகமாகப் போனது. நன்றாக எரிந்தது.

ஷெரிப் வந்தார். விபத்து, காரணம் மேடு, பழைய வாக்கிடாக்கி என்று எழுதிக்கொண்டு போனார். லீலண்ட் வண்டியின் படியில் உட்கார்ந்து அழுதார். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று ஆர்லனின் மனைவி நோரீன் வந்திருந்தாள். சில குச்சிகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவை அவருக்கு அடியில் கிடந்ததால் எரியவில்லையாம்.

"உனக்குத் தெரியாதுல்ல? எரிக்கிறதுக்கு முந்தின வாரமே விதையைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டார். 'அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல நோரீன், அது அப்படியே கிடக்கட்டும்'னார். தீ முடிஞ்சதும் உங்கிட்டச் சொல்றதா இருந்தார்."

எனக்குத் தெரியாதுதான். தெரிந்திருந்தாலும் அன்று புரோம் எரிக்கச் சரியான உயரத்தில் இருந்தது.

"அடுத்த தடவை அவர் இடத்துல நான் வந்து நிக்கிறேன்" என்றாள் கிளம்பும்போது. நன்றி சொன்னேன்.

மாலையில் வடசரிவுக்குப் போனேன். கறுப்புக்கு நடுவே பச்சை தெரிந்தது. மண்டியிட்டுப் பார்த்தேன். புரோம். ஒரே தீயில் அது போவதில்லை.

நாளை: அடுத்த வசந்தத்துக்கு லீலண்டிடம் தேதி கேட்க வேண்டும். மேட்டில் நான், வடக்கே நோரீன்.