பத்துப் பத்தாக விட்ட இடம்

நாற்பது வருடம் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவன் நான். வரிகளுக்கு நடுவே இடம் விடுவது எனக்குப் பிடிக்காது. இடம் விட்டால் பிற்பாடு யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்கள், இன்ஸ்பெக்டர் கமாலுதீன்.

என் மகன் நாகநாதன் வேறு மாதிரி. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கம்பெனி, புரோகிராம் எழுதுகிறவர்களைச் சேர்த்து ஒரு வட்டம் நடத்தியது. அதற்கு அவன்தான் பொறுப்பு. மாதாமாதம் ஒரு இதழ்; அதில் ஒரு புரோகிராம், ஒரு கட்டுரை. வீட்டு மாடியிலிருந்தே தபாலில் அனுப்புவான். "ஒரு மாசம் நிண்டாலும் வட்டம் செத்துப்போச்செண்டு நினைப்பினம், அப்பா" என்பான்.

1986 தைப்பூசத்துக்கு மறுநாள், கெப்பாலா பத்தாஸ் ஊர்ப் பெண் சலேஹாவைக் கட்டப்போவதாகச் சொன்னான். மதத்தோடு பெயரையும் மாற்றுவானாம். அது நான் வைத்த பெயர். யோசிக்கட்டும் என்று மாடி அறையைப் பூட்டினேன். சிறுவயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு. மருந்து கீழே மேசையில் இருந்தது. பலமுறை கூப்பிட்டான். பெயரை மாற்றமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், சத்தம் நின்ற பிறகு, கதவைத் திறந்தேன்.

பின்கட்டுக் கிணறு எங்களுக்குத் தேவைப்படவில்லை. மூடி, சிமெண்ட் பூசினேன்.

சலேஹா வாசலில் வந்து நின்றபோது புது இதழைக் கொடுத்தேன். "அவன் சுகமாயிருக்கிறான், பிள்ளை. உன்னைப் பார்க்க விருப்பமில்லை." அச்சில் அவன் பெயரைத் தடவிப் பார்த்தாள். பிறகு வரவில்லை.

அவனுடைய நோட்டுகளைப் பார்த்து நானே தட்டச்சுச் செய்தேன். மாடியில் அந்த இழுப்புச் சத்தம் இன்னும் கேட்கிறது. தட்டச்சுச் செய்யும்போது மட்டும் கேட்பதில்லை. அப்படிப் பதினோரு இதழ்கள்.

வட்டத்தில் இருக்கும் பாகான் டாலாம் ஊர் வாசு நேற்று வந்தான். "என்னா ஐயா, அண்ணே புரோகிராம்ல வரி நம்பரை 10, 20, 30ன்னு இடம் விட்டுத்தான் போடுவாரு, பின்னாடி நடுவுல சேர்க்க. இப்ப 1, 2, 3ன்னு நெருக்கிட்டாரு. கிராணி கணக்கு எழுதின மாதிரி இருக்குலா! இனிமே எதுவும் சேர்க்க மாட்டாரா?"

"சொல்லுறன், தம்பி" என்றேன். அவன் சிரித்தான். பிறகு மாடியை ஏறிட்டுப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று நீங்கள் வந்தீர்கள்.

மேசையில் பன்னிரண்டாவது இதழ் இருக்கிறது. தபால்தலை ஒட்டியாகிவிட்டது. போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடுங்கள். நாகநாதன் ஒரு மாதமும் தவறியதில்லை.