அஞ்சு நிமிசம் ஓடுற மெஷின்

பின்ன என்ன மக்கா, இந்தப் புல்லு வெட்டுற மெஷின் அஞ்சு நிமிசம் ஓடும், ஆறாவது நிமிசம் நின்னுரும். லானுக்க பாதியில வந்து கழுத போல நின்னா நான் என்ன செய்ய? பிளக்கு மாத்தியாச்சு. ஏர் பில்ட்டர கழுவி வெயில்ல காய வெச்சாச்சு. நெய்யாற்றின்கரையில ஒருத்தன் கார்புரேட்டர ரெண்டு மட்டம் கழத்தி மாட்டினான். அவனுக்க கடையில வெச்சு ரெண்டு நிமிசம் நல்லா ஓடிச்சு, கேட்டியா. பூவாறுக்குக் கொண்டு போனா அதே குணம்.

நீயும் மெக்கானிக்குதானே ரெஜி, நீ பாரு. உனக்க கை வேல செய்யட்டு, நான் சொல்லிட்டு இருக்கேன்.

நாளைக்கு காலத்த ஏழு மணிக்கு ரிசார்ட்டுல புல்லு வெட்டணும். பத்து மணிக்கு அங்க ஒரு கல்யாணம். இந்த மட்டமும் மெஷின் நின்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்னு மானேஜர் சொல்லியாச்சு. அதுவும் 'சத்தியபாய் சேச்சி'ன்னு நல்ல மரியாதையா சொன்னான். அதாக்கும் எனக்குப் பயம்.

ஆனா காரணம் எனக்குத் தெரியும். கிருபாபாய். எனக்க கூட்டு வேலக்காரி. நான் தள்ளினா அவ புல்லு வாருவா, அவ தள்ளினா நான் வாருவேன், நாலு வருசமாட்டு. அவளாக்கும் களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டுல வெல கொறவுன்னு கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வாறது. கேன மழையில தொறந்து வெச்சிருப்பா, தண்ணி கலந்திருக்கும்... சபையில அசன விருந்துக்கு காய்கறி வெட்டிட்டு இருக்கும்போ எல்லாருக்க முன்னாலயும் கேட்டுட்டேன். அவ கையக் கழுவிட்டு எழும்பிப் போனா. பத்து நாளாச்சு, போன் எடுக்கல. எனக்குச் சோறு எறங்கல, அது வேற காரியம்.

புதுப் பெட்ரோலும் ஊத்திப் பாத்தேன், மறைக்க கூடாதுல்லா. பின்னயும் நின்னுச்சு. டாங்கு மூடியத் தொறந்து பெட்ரோல் உண்டான்னு பாத்துட்டு மூடினா மட்டும் திரும்ப அஞ்சு நிமிசம் ஓடும். பிசாசு பிடிச்ச சாதனம்.

என்ன, மூடிய லூசாக்கிட்டு ஓட்டுற? புஸ்ஸுன்னு என்ன சத்தம் அது? ... ஏழு நிமிசமாச்சு. ... பத்து. ... நிக்கலியே, ரெஜி.

அதா? மூடிக்க மேல கறுப்பா இருக்கதா? அது... சக்கப்பால் ஆக்கும், பலாப்பழத்துக்க பிசின். நான் வெச்சது. சக்க வெட்டிட்டு இருந்தேன், பாத்தா மூடிக்க நடுவில ஊசி குத்தினது போல ஒரு ஓட்ட. அம்புட்டு தூரம் போய் வாங்கின பெட்ரோல் ஆவியாப் போயிருமேன்னு உருட்டி அடைச்சேன். வாளி ஓட்டைய அப்படித்தானே அடைப்போம்? ... காத்து போறதுக்கு உள்ள ஓட்டயா? காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்குமா? ... எப்ப வெச்சேன்னா... மெஷின் நிக்கத் தொடங்கினதுக்கு முந்தின நாளு.

சிரிக்காத எலே.

நீ கிருபாபாய்க்கு ஒரு போன் போட்டு, கார்புரேட்டர்ல அழுக்குன்னு சொல்லிரு. ... மாட்டியா? கொள்ளாம், நல்ல ஆளு நீ.

செரி, அந்த உருண்டைய எறியாத. காகிதத்துல பொதிஞ்சு தா. நேரா அவ வீட்டுக்குப் போறேன். இதக் கையில குடுத்து, கிருபா, உனக்க பெட்ரோல்ல தண்ணி இல்ல, எனக்க மண்டையிலயாக்கும் சக்கப்பாலுன்னு சொல்லப் போறேன். ஒரு வருசம் சிரிப்பா. சிரிக்கட்டு. சபையில வெச்சு கேட்டத சபையிலயே மாத்தியும் சொல்லுவேன். நாளைக்கு அவ வந்து புல்லு வாரலைன்னா, மெஷின் ஓடி எனக்கு என்னத்துக்கு?