நட்சத்திரம் போட்ட சொல்

இல்லண்ணே, நான் ஜோசியக்காரி இல்ல. நட்சத்திரம்னு சொன்னது அச்சுல போடற குறி. நான் அகராதி ஆபீஸ்ல சரிபாக்கறவ. எந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு, எதப் பெத்துச்சுன்னு அட்டை அட்டையா எழுதி வைப்போம்.

ஒரு சொல்ல யாரும் எங்கயும் எழுதி வைக்கலன்னு வைங்க. ஆனா அதுக்குப் பிறந்த பிள்ளைச் சொல்லுங்க ஊருக்கு ஒண்ணா இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே மூக்கு. அப்ப தாய்னு ஒருத்தி இருந்திருக்கணும்ல? அவ இப்படித்தான் இருந்திருப்பான்னு நாமளே கட்டி எழுப்பி, முன்னாடி ஒரு நட்சத்திரம் போடுவோம். எழுத்துல சாட்சி இல்லன்னு அர்த்தம்.

ஸ்லாவ் மொழிங்களுக்கெல்லாம் மூலமொழி ஒண்ணு இருந்துச்சு. அதுல லியூபிதின்னு ஒரு வினைச்சொல். பிள்ளைங்களக் கேளுங்க. ரஷ்ய மொழிக்குப் போனது காதலிக்குது. போலிஷுக்குப் போனதுக்குக் கூச்சம், பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு நின்னுடும். செர்பியனுக்குப் போனது நேரா முத்தமே குடுத்துடும். சிரிக்காதீங்க, அட்டைலயே இருக்கு. இன்னும் பின்னாடி போனா நம்ம லோபி இருக்கான்ல, கஞ்சப் பய, அவனும் இந்த வம்சத்துக்குத் தூரத்துச் சொந்தம். எல்லாம் ஆசைங்கற வேர்தான்.

அந்த அட்டைய எழுதினவரு என் எதிர் மேஜைக்காரர். பதினோரு வருஷமா எதிரெதிர். பேசினா முத்து உதிர்ந்துடும் அவருக்கு. அந்த அட்டை வருது, நட்சத்திரத்தக் காணோம். இத்தனை வருஷத்துல ஒரு தடவை விட்டதில்ல மனுஷன். எனக்கு வந்துச்சே கோபம். சிவப்புப் பேனாவால பெரிசா ஒண்ணு போட்டு, சாட்சி இருக்கா இதுக்குன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டு, அச்சுக்கு அனுப்பிட்டேன். அவர் முகம் செத்துப்போச்சு. மறுநாளே மேல்மாடிக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டார். ரோஷம்னு நெனச்சேன்.

மூணு வாரம் கழிச்சு அச்சுப் பிரிவு அக்கா அட்டையத் தூக்கிட்டு வந்து, ஏம்மா, பின்பக்கம் இருக்கறதையும் சேக்கணுமான்னு கேக்கறாங்க. பின்பக்கத்த யாருண்ணே பாப்பா? அட்டைல ஒரு பக்கந்தான் எழுதறது எங்க வழக்கம். திருப்பினா அவர் கையெழுத்து. இந்தச் சொல்ல உங்களுக்காக எழுதறேன், இனிமே இதுக்கு எழுத்துல சாட்சி உண்டு, அதான் நட்சத்திரம் போடலன்னு.

நான் போட்ட சிவப்பத்தான் என் பதில்னு எடுத்துக்கிட்டிருக்கார் பாவம். எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு ரெண்டு மாடி ஓடினேன், இந்த வயசுல. மூச்சு வாங்க அட்டைய நீட்டினேன். அதுல நட்சத்திரத்தக் கோடு போட்டு அடிச்சிருந்தேன். அகராதில நட்சத்திரம் இருக்கட்டும், அது வேற.

அதோ ஜன்னல்கிட்ட ஃபாரத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரே, அவர்தான். கல்யாணப் பதிவுக்கு மூணு சாட்சி வேணுமாம். ரெண்டு பேர் வந்தாச்சு. மூணாவது எங்க அகராதி ஆசிரியர், பஸ்ஸ விட்டுட்டாராம். பன்னெண்டுக்கு மூடிடுவாங்க. உங்க டோக்கன் வர இன்னும் நேரமிருக்குல்ல? ஒரே ஒரு கையெழுத்துண்ணே. இந்தாங்க, நீலப் பேனா. சிவப்ப வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்.