ஈய நிலவுக்கு மூன்று நட்சத்திரம்

பிரவுனி கேக்குக்கு வெண்ணெயை உருக்கித்தான் ஊற்ற வேண்டும். எண்ணெய் ஊற்றுகிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. டெபுடி, என் வாக்குமூலத்தில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பண்டத்தில் ஒரு குறையும் கிடையாது.

என் பெயர் ஆர்லன். இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தேன். ஓய்வுக்குப் பின் வாசகர் வட்டம் நடத்துகிறேன். போர் என்றாலே எனக்கு ஆகாது. தட்டைப் பாதம் என்று பட்டாளத்தில் சேர்க்கவில்லை; சேர்த்திருந்தாலும் எதிர்த்துத்தான் இருப்பேன். ‘ஈய நிலவு’ நாவலை வருஷம் ஒருமுறை படித்துவிட்டுத் தவறாமல் அழுவேன். அதில் ஒரு தளபதி, சண்டையைச் சீக்கிரம் முடிப்பதற்காக, ஆட்கள் வாழும் நிலவு ஒன்றையே எரித்துவிடுகிறான். ‘இவனும் ஒரு மனிதனா’ என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஊரே சேர்ந்து ஒரு புத்தகம் படிக்கப்போகிறது என்று நூலகர் மார்லிஸ் அறிவித்தபோது, அது ‘ஈய நிலவு’தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது வட்டத்தார் பேசித் தீர்மானிப்பதாக ஏற்பாடு. வந்தவர்கள் எல்லாரும் தலையாட்ட வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும், வம்பே வேண்டாம் என்று சமையல் புத்தகத்துக்குத் தாவிவிடுவார்கள். நம் மினசோட்டா ஆட்களை உங்களுக்குத் தெரியாதா?

நமக்கு ஒரு புத்தகம் அறவே பிடிக்கவில்லை என்றால் ‘வித்தியாசமா இருக்கு’ என்போம். அதைவிடக் கடுமையாகத் திட்ட நமக்கு வராது. வட்டத்தில் ராய்ஸ் மட்டும் டெக்சாஸ்காரர், முன்னாள் சிப்பாய். வியாழக்கிழமையே நூலக இணையப் பக்கத்தில் ‘ஈய நிலவு’க்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டார், பெயரோடு. அதனால் வட்டத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் தயாராக வந்தேன்.

“ஏன் மூணுன்னு கேக்கலாமா, ராய்ஸ்?” என்றார் பாஸ்டர் நைகார்ட், நோயாளியிடம் பேசுகிற குரலில்.

“அந்தத் தளபதி இருக்கானே பாஸ்டர், பக்கத்துக்குப் பக்கம் பல்ல நறநறன்னு கடிக்கிறான். நான் போர்ல பாத்த ஆளு அப்படி இல்லீங்க. தங்கமான மனுஷன். தன் கையாலயே கேக் வெட்டிக் குடுப்பான். ‘நல்லாத் தூங்குனியா’ம்பான். அப்புறந்தான் சாகுற எடத்துக்கு அனுப்புவான். அவன எழுதத் தெரியலியே இவருக்கு.”

“ஐயோ, ஆர்லன் மனசு சங்கடப்படும்,” என்றார் மார்லிஸ்.

“அவரு என்ன கண்ணாடிப் பொம்மையா? என்ன தலைவரே?”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பிரவுனித் தட்டை எடுத்துவந்தேன்.

ஆளுக்கொன்றை என் கையாலேயே பரிமாறினேன். தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை நம் ஊரில் யாரும் தொடமாட்டார்கள், பட்டினி கிடந்தாலும் சரி. ராய்ஸ் மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் கூச்சமில்லாமல் எடுத்து விழுங்குவார். அந்தத் துண்டில்தான் பேதி மருந்து இருந்தது. மறுநாள் காலை வேலை செய்யும், ஞாயிறு பூராவும் வீட்டை விட்டு நகரமுடியாது. அவர் ஆறடிக்கு மேல் என்பதால் சற்றுத் தாராளமாகவே போட்டிருந்தேன். ஒருவருக்கு ஒரு காலை நேரம் வீண், ஊருக்கு ஒரு நல்ல புத்தகம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

ராய்ஸ் கத்தியை எடுத்தார். “கடைசித் துண்ட ஒருத்தனே முழுங்கப்படாதாமே? உங்க ஊரு மரியாத எனக்கும் வந்துருச்சு பாருங்க,” என்று அதைப் பொடிப் பொடியாக வெட்டி ஒவ்வொருவருக்கும் நீட்டினார். எல்லாரும் இரண்டு தரம் வேண்டாமென்று சொல்லி, மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டார்கள். எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். அவர் முறை வந்தபோது தட்டு காலி.

நான் தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் கேட்பார்கள், கேட்டால் கூட்டத்தில் மனக்கசப்பு வரும். எனக்கு மனக்கசப்பு பிடிக்காது.

நம் ஊரில் வாசகர் வட்டமும் தேவாலயப் பாடகர் குழுவும் ஒரே ஆட்கள்தான். மறுநாள் இரண்டாம் பாட்டிலேயே கட்டைக்குரல்காரர்கள் எழுந்து போனார்கள். அடுத்து மார்லிஸ். பாஸ்டர் “சமாதானம் உங்களோடே” வரை வந்தார். “இருப்பதாக” கதவுக்கு வெளியிலிருந்து கேட்டது. இருந்த கழிப்பறையோ இரண்டு. வெளியே முழங்கால் அளவு பனி. வாசலில் நின்று, “நீங்க மொதல்ல போங்க,” “ஐயையோ, நீங்க போங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல,” என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். சேதத்தில் பெரும்பகுதி அந்த உபசாரத்தால் வந்தது. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

ராய்ஸ்தான் துடைப்பமும் வாளியுமாக ஓடிக்கொண்டிருந்தார். எல்லாம் அடங்கியபின், கீழ்த்தளத்தில் காப்பிக்கு நாங்கள் இருவர்தான்.

“‘ஈய நிலவு’க்கு நான் சரின்னுதான் சொல்றதா இருந்தேன் தலைவரே,” என்றார். “மூணுக்கு மேல நான் எந்தப் புத்தகத்துக்கும் போட்டதில்ல. பைபிளுக்கே மூணுதான்.”

நான் காப்பியைக் கலக்கினேன்.

“அந்தக் கடைசித் துண்ட நம்ம ரெண்டு பேருதான் திங்கல. நான் ஏன் திங்கலன்னு எனக்குத் தெரியும்.” என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். “நல்லாத் தூங்குனீங்களா?” என்று கேட்டார்.

நன்றாகவே தூங்கினேன் என்றேன். உண்மை அதுதான்.

ஆக, மருந்து போட்டது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள். நேற்று ‘ஈய நிலவை’ மறுபடியும் படித்தேன். தளபதி நிலவை எரிக்கிற இடத்தில், முதல் தடவையாக, எனக்கு அழுகை வரவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்த மனிதருக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆசிரியர் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பக்க ஓரத்தில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, நானும் மூன்று நட்சத்திரம்தான் போட்டேன்.