தலைக்கு எந்தத் தொட்டி?

வாட்ச்மேன்: கட்டின மூட்டை குப்பைக் கிடங்குக்குள்ள போகாதும்மா. அவிழ்த்துக் காட்டணும்.

அக்கா: அண்ணே, வெறும் தோட்டத்துக் குப்பை. வேலியில வெட்டின கிளை, காஞ்ச இலை, உடைஞ்ச பூந்தொட்டி...

வாட்ச்மேன்: இலைன்னா இலைத் தொட்டி. கிளைன்னா அந்தக் கடைசித் தொட்டி. மூட்டைன்னா எனக்கு என்ன தெரியும்? இலைன்னு சொல்லித்தான் ஒருத்தர் கமோடைப் போட்டுட்டுப் போனாரு.

தம்பி: எங்க வீட்டுக் கமோடு வீட்டுலதான் இருக்கு. காலையில கூடப் பார்த்தேன்.

வாட்ச்மேன்: நக்கலா? அப்ப வண்டியைத் திருப்பிக்க.

அக்கா: நீ வாயை மூடுறியா? அண்ணே, அவன் கிடக்கான். நாலு மணிக்கு எங்கப்பாவை ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்றாங்க. அதான் அவசரம்.

வாட்ச்மேன்: அதுக்கும் இந்த மூட்டைக்கும் என்ன சம்பந்தம்?

அக்கா: இடுப்பு எலும்பு உடைஞ்சு போச்சு. இனிமே படி ஏற முடியாது. கீழ இருக்கறது ஒரே ரூம். அது பூரா அவரு சேர்த்து வெச்ச தட்டுமுட்டு. அதைக் காலி பண்ணி இன்னைக்கே கட்டில் போட்டாகணும்.

தம்பி: இல்லன்னா இவ வீட்டுக்குத்தான் போகணும். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாமா முதுகுல சுமந்தாத்தான் உண்டு.

அக்கா: இவன் ரூமுக்குப் போனா இன்னும் விசேஷம். இவன் படுத்தாலே கால் ரெண்டும் வராண்டாவுல கிடக்கும்.

வாட்ச்மேன்: அவரு என்ன சொல்றாரு?

தம்பி: "என் வீட்டுக்குப் போகணும்"ங்கறாரு. ஊசி போட வந்த நர்ஸ்கிட்ட, கூட்டித் துடைக்க வந்தவங்ககிட்ட, பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட... எங்ககிட்ட மட்டும் சொல்லல.

வாட்ச்மேன்: சரி சரி. இலையைக் கொட்டுங்க முதல்ல. பிளாஸ்டிக் கவர் கலந்திருந்தா பொறுக்கி எடுத்துரணும்.

தம்பி: பொறுக்கறேன்... இதெல்லாம் வெட்டினது அப்பாதான். பொறுக்கறது மட்டும் நான்.

அக்கா: ஏணி மேல ஏறி வேலி வெட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டாத்தானே!

வாட்ச்மேன்: ம்... அந்தப் பெட்ஷீட் மூட்டைங்க?

தம்பி: அதை மட்டும் பிரிக்கச் சொல்லாதீங்கண்ணே.

வாட்ச்மேன்: ஏன், உள்ள ஏதாச்சும் உசுரோட இருக்கா?

அக்கா: ரூம்ல இருந்து அப்படியே தூக்கிட்டு வந்துட்டோம். எல்லாம் அப்பா கட்டினது. பிரிச்சா ஒவ்வொண்ணையும் பார்த்துட்டு நாங்க ரெண்டு பேரும் சண்டை போடுவோம், ரூம் காலியாகாது. அதனால பிரிக்கறதில்லன்னு பேசி வெச்சிருக்கோம்.

வாட்ச்மேன்: அது உங்க பேச்சு. இங்க என் பேச்சு. அவிழுங்க.

தம்பி: அக்கா, கத்தி இருக்கா?

அக்கா: பல்லால கடி.

தம்பி: அப்பா போட்ட முடிச்சு. அவரே வந்தாலும் அவிழ்க்க முடியாது... இரு... ஆங், வந்துருச்சு.

வாட்ச்மேன்: என்னது, பெட்டியா?

அக்கா: ஏய்... இது என் வயலின்!

தம்பி: அப்படியா? மரத் தொட்டி எங்கண்ணே இருக்கு?

அக்கா: இருடா! யாரோ இரவல் கேட்டாங்க, குடுத்தேன், திரும்ப வரலன்னு அப்பா சொன்னாரே. எவ்வளவு கத்தினேன் அவரைப் பார்த்து! கடைசியில வீட்டுலயே மூட்டை கட்டி வெச்சிருக்காரு.

தம்பி: வயசாயிருச்சு, மறந்திருப்பாரு. குடு, போடலாம்.

அக்கா: மறதியா? அவருக்கா? நீ ஆறாங்கிளாஸ்ல தொலைச்ச டிபன் பாக்ஸ் என்ன கலருன்னு இன்னைக்கும் சொல்றாரு.

தம்பி: அடுத்த மூட்டையை அவிழ்ப்போமா? நேரமாகுது.

அக்கா: உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

தம்பி: வெயில்.

அக்கா: நிழல்ல நிக்கறடா நீ.

வாட்ச்மேன்: அடுத்ததை அவிழுங்கம்மா. பின்னாடி வண்டி நிக்குது, ஹாரன் அடிக்கறான்.

தம்பி: இது என்ன இந்தக் கனம்... கல்லா? அக்கா, பிடி பிடி...

அக்கா: ஐயோ, இதுவா... மூடு. மூடிரு.

தம்பி: என் தலை!

வாட்ச்மேன்: எது?

தம்பி: நான் செஞ்ச தலைண்ணே. பிளாஸ்டர். காலேஜ் முதல் வருஷத்துல எங்கப்பாவை உட்கார வெச்சு செஞ்சேன்.

வாட்ச்மேன்: ஓ... நான் பூசணிக்காய்னு நினைச்சேன்.

அக்கா: எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. ஒரு காது மேல, ஒரு காது கீழ. கூடத்துல வெச்சிருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை இதைப் பார்த்துட்டு அன்னைக்கு முழுக்க சாப்பிடல.

தம்பி: சிரிக்காத. துடைக்கும்போது கைதவறி உடைஞ்சிருச்சுன்னு அப்பா சொன்னாரு. வேணும்னே உடைச்சீங்கன்னு சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனவன் நான். கீழ விழுந்துட்டாருன்னு நீ போன் பண்ற வரைக்கும் அவரோட ஒரு வார்த்தை பேசல. இங்க பாரு, ஒரு கீறல் இல்ல! எதுக்கு அப்படி ஒரு பொய் சொல்லணும்?

அக்கா: விடுடா. இடிபாட்டுத் தொட்டி எங்கண்ணே?

வாட்ச்மேன்: இருங்க... இந்த வயலின்... இந்தத் தலை... அட, இது நம்ம பெரியவர் தலை! அவருக்கா இடுப்பு உடைஞ்சிருச்சு? அதான் கொஞ்ச நாளா ஆளைக் காணோம்!

தம்பி: உங்களுக்கு எப்படித் தெரியும் அவரை?

வாட்ச்மேன்: தெரியாது.

அக்கா: இப்ப சொன்னீங்களே!

வாட்ச்மேன்: வாய் தவறிருச்சு. வண்டியை எடுங்க.

தம்பி: அண்ணே.

வாட்ச்மேன்: ஆபீஸ்ல சொல்ல மாட்டீங்களே? உள்ள வந்த பொருள் வெளிய போகக் கூடாது. அதான் இங்க சட்டம். தெரிஞ்சா என் வேலை போயிரும்.

அக்கா: சொல்ல மாட்டோம். சொல்லுங்க.

வாட்ச்மேன்: வாக்கிங் போயிட்டு இங்க வந்து உட்காருவாரு. எனக்கும் சேர்த்து டீ வாங்கிட்டு வருவாரு. இங்க நல்ல நல்ல நாற்காலி எல்லாம் கிடக்கும், எதையும் தொட மாட்டாரு. "எங்க வீட்டுல இருந்து ஏதாச்சும் வந்துச்சா?"ன்னு மட்டும் கேட்பாரு. இருந்தா எடுத்துத் துடைச்சுத் தூக்கிட்டுப் போயிருவாரு. இந்த ரெண்டும் இங்கிருந்து போனதுதான்.

தம்பி: இங்க எப்படி வந்துச்சு?

அக்கா: எப்படியோ வந்துச்சு. இப்ப என்ன அதுக்கு?

வாட்ச்மேன்: தலையை ஒரு அம்மா கொண்டு வந்தாங்க. மழை இல்ல, வெயில் இல்ல, மஞ்சள் குடையால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு...

தம்பி: அக்கா... உன் சீட்டுக்கு அடியில மஞ்சளா ஏதோ தெரியுது.

அக்கா: ஆமாடா, நான்தான்! அந்தக் குழந்தை அப்படி அழுதுச்சே! உடைஞ்சிருச்சுன்னு சொல்லுங்கன்னு அப்பாவை நான் கேட்கல. அவரா சொன்னாரு. நான் பேசாம இருந்துட்டேன்... சரி, வயலினை யாரு கொண்டு வந்தது?

வாட்ச்மேன்: அது ஒரு தம்பி. ஹெல்மெட்டைக் கழட்டாம ஓடி வந்து வீசிட்டு அப்படியே ஓடிட்டாரு. போற அவசரத்துல அடுத்தவன் வண்டியில சாவியைப் போட்டுத் திருகிட்டு நின்னாரு.

அக்கா: ஓ.

தம்பி: அக்கா, பரீட்சை நேரம். நீ வாசிச்சா தெருநாய் எல்லாம் கூடவே பாடும். எவ்வளவு நாள்தான் காதுல பஞ்சு வெச்சுக்கறது?

அக்கா: அதுக்கு என்கிட்ட சொல்லியிருக்கலாமே!

தம்பி: நீ சொன்னியா?

வாட்ச்மேன்: சண்டை போடறதுன்னா ஓரமாப் போட்டுக்கங்க. நான்கூட அவரைக் கேட்டேன், "பிள்ளைங்க போட்டதை ஏன் சார் திருப்பித் தூக்கறீங்க?"ன்னு.

அக்கா: என்ன சொன்னாரு?

வாட்ச்மேன்: "அவனோடதை அவ போட்டா. அவளோடதை அவன் போட்டான். நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். என்மேல கோவிச்சுக்கிட்டா தாங்கிக்குவேன். அதுங்க ரெண்டும் பேசாம போயிட்டா தாங்க மாட்டேன்"னு சொன்னாரு. சொல்லிட்டு டீ ஆறிருச்சுன்னு இன்னொண்ணு வாங்கினாரு. சரி, ஹாரன் அடிக்கறான்மா.

அக்கா: அடிக்கட்டும்.

தம்பி: அழறியா?

அக்கா: ஆமா, அழறேன். நீ?

தம்பி: நான் எப்பவோ ஆரம்பிச்சுட்டேன்.

வாட்ச்மேன்: அப்ப இந்த ரெண்டையும் என்ன பண்றது? போடறீங்களா, இல்லையா?

அக்கா: வயலினை மரத் தொட்டியில போடுங்க. இந்தாங்க.

தம்பி: வேண்டாம்க்கா, வெச்சுக்க. நான் பஞ்சு வாங்கிக்கறேன்.

அக்கா: எனக்கே அது பிடிக்காதுடா. டீச்சர் வீட்டுல ஏசி இருந்துச்சு, அதுக்குத்தான் போனேன்.

தம்பி: அடிப்பாவி! அப்ப எதுக்கு அவரைப் போட்டு அந்தக் கத்து கத்தின?

அக்கா: என் பொருள், கத்தினேன். போடுங்கண்ணே, தந்தியை மட்டும் கழட்டி இரும்புல போட்டுருங்க. சட்டப்படி இருக்கட்டும்.

வாட்ச்மேன்: இப்பத்தான் நல்ல பிள்ளை மாதிரி பேசறீங்க. தலைக்கு?

தம்பி: இடிபாட்டுலயே போடுங்க. இன்னைக்குப் பார்த்தா எனக்கே சகிக்கல. அவரு கட்டிலுக்கு இடம் வேணும். பொருளை வெச்சு என்ன பண்றது, ஆளு இருக்காருல்ல.

அக்கா: நிஜமாத்தான் சொல்றியா?

தம்பி: நிஜமா. நீயே போட்டுரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்... முடிஞ்சதும் சொல்லு.

வாட்ச்மேன்: அப்படியே அந்த உடைஞ்ச பூந்தொட்டியையும் எடுத்துக்கங்கம்மா. ரெண்டும் ஒரே இடம்தான்.

அக்கா: சரிண்ணே... திரும்பாதடா!

தம்பி: திரும்பல... ஐயோ. கேட்டுச்சு.

அக்கா: என்ன கேட்டுச்சு?

தம்பி: உடைஞ்ச சத்தம். மேல் காது முதல்ல போயிருக்கும்.

அக்கா: ம். ஏறு வண்டியில, நேரமாச்சு. அண்ணே, வரோம்.

வாட்ச்மேன்: பெரியவரை விசாரிச்சேன்னு சொல்லுங்க. நடக்க ஆரம்பிச்சதும் வரச் சொல்லுங்க. டீ என் கணக்கு... இருங்க இருங்க. நிறுத்துங்க!

அக்கா: இன்னும் என்னண்ணே?

வாட்ச்மேன்: வெளிய போற வண்டியைப் பார்த்துத்தான் விடணும். பின் சீட்டுல பெட்ஷீட் போத்திக்கிட்டு யாரு உட்கார்ந்திருக்கறது?

தம்பி: பின் சீட்டுலயா? அங்க யாரும்... அக்கா?

அக்கா: நீ முன்னாடி பாரு.

தம்பி: பெல்ட் வேற போட்டிருக்கு! அப்ப நான் கேட்ட சத்தம்?

அக்கா: பூந்தொட்டி.

வாட்ச்மேன்: அம்மா, உள்ள வந்தது வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேன்ல? யாரு அது? சொல்லுங்க.

அக்கா: எங்கப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்.